ஞாயிற்றுக்கிழமைக் கரி

மனோரமாவின் கைக்கு இந்தக் காரின் சாவி போகக் கூடாது. என் தலையே போனாலும் சாவி போகக் கூடாது.

இந்தத் தீர்மானத்தை ஒரு சனிக்கிழமை சாயங்காலம், குளியலறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நின்று, மனசுக்குள்ளேயே நிறைவேற்றினேன். எங்கள் வீட்டில் என் தீர்மானங்கள் எதிர்ப்பில்லாமல் நிறைவேறும் ஒரே இடம் அதுதான்.

என் பெயர் முனிரத்தினம். சித்தூருக்கு வெளியே ஒரு மாங்கூழ் ஃபேக்டரியில் பாய்லர் சூப்பர்வைசர். அங்கே நான் ஒரு திருகு திருகினால் அத்தனை நீராவியும் அடங்கிவிடும். வீட்டில் மனோரமா புருவத்தைத் தூக்கினால் நான் அடங்கிவிடுவேன்.

கார் எங்களுடையது இல்லை. எங்கள் மகன் உதயாவுடையது. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவன், அதே வேலையைக் கனடாவில் பனிக்கு நடுவில் உட்கார்ந்து பார்க்கலாம் என்று கிளம்பிவிட்டான். போகும்போது காரை எங்கள் வாசலில் நிறுத்திவிட்டுப் போனான். செக்கச் செவேல் என்று ஒரு கார். டர்போ பெட்ரோல். டைரக்ட் இன்ஜெக்ஷன்.

"நைனா, சும்மா நிறுத்தி வெக்காத. ஓட்டிக்கினே இரு" என்றான்.

பெற்ற பிள்ளையின் பேச்சைத் தட்டலாமா? வாரநாளில் ஃபேக்டரி வேன் வந்து என்னை அள்ளிக்கொண்டு போய்விடும். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டினேன். எங்கே? புத்தலப்பட்டுக்குப் பக்கத்தில் என் பழைய சிநேகிதன் கங்கையாவுக்கு ஒரு மாந்தோப்பு இருக்கிறது. தோப்பில் ஒரு கொட்டகை. கொட்டகையில் ஒரு அடுப்பு. அடுப்பில் நாட்டுக்கோழி. பக்கத்தில் சீட்டுக்கட்டு. மனிதப் பிறவி எடுத்தவனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? மனோரமாவிடம் மட்டும் "வண்டிய ஒரு ரவுண்டு வுட்டுட்டு வரேன்" என்பேன்.

அப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் அந்தச் சனிக்கிழமை வந்தது.

மனோரமா நகரியில் தறிக்காரர் வீட்டுப் பெண். அவள் அண்ணன்மார் பவர்லூம் ஓட்டுகிறார்கள். அவர்கள் நெய்யும் சேலைகளை இவள் கொண்டுவந்து விற்கிறாள். வாய்ச் சாமர்த்தியம் உள்ளவள். சேலை வாங்கும் உத்தேசமே இல்லாத பெண்கள்கூட எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் குடிக்க வந்து, இரண்டு சேலையோடு தாகம் தீராமலேயே போயிருக்கிறார்கள்.

"இன்னாங்க" என்று ஆரம்பித்தாள். "திருப்பதியில ஒரு லேடீஸ் ஹாஸ்டல்ல வேல செய்யறவங்க அல்லாருக்கும் ஒரே கலர்ல சீலை கேக்கறாங்க. பிடிச்சிருந்தா வருசா வருசம் நம்மகிட்டயே எடுப்பாங்களாம். வார்டனம்மா ஞாயித்துக்கெழமதான் ஃப்ரீயா இருப்பாங்க. கார்ல போட்டு எடுத்துக்கினு போலாமா?"

"ஏன், பஸ் ஓடலியா?"

"மூட்டைக்குத் தனி டிக்கெட்டு கேக்கறான் கண்டக்டர். போன தரம் பாகாலா வரைக்கும் அவன்கூட சண்ட போட்டுக்கினே போனேன். எறங்கச்சொல்லோ வார்டன்கிட்ட பேசறதுக்குத் தொண்டையே இல்ல."

"ஞாயித்துக்கெழம எனக்கு வேல கீது."

"இன்னா வேல?"

"வண்டிய ஒரு ரவுண்டு வுடணும்."

"அந்த ரவுண்டதான் திருப்பதிக்கு வுடுங்க."

நான் பழைய பேப்பரை எடுத்து முகத்துக்கு முன்னால் விரித்தேன்.

"முடியலன்னா வுடுங்க. எனக்கு ஓட்டக் கத்துக் குடுத்துடுங்க. நானே போய்க்கினு வந்துக்கினு இருக்கேன்."

அப்போதுதான் நான் எழுந்து குளியலறைக்குப் போனது.

மறுநாள் காலை சாவியைத் திருப்பினேன். வண்டி நடுங்கியது. மலேரியாக்காரன் மாதிரி தடதடவென்று உதறிவிட்டு, இருமி, ஒருவழியாக நிதானத்துக்கு வந்தது. கொஞ்ச நாளாகவே இந்த நடுக்கம் இருந்தது. இழுவையும் போயிருந்தது; பெட்ரோலையும் மடக் மடக்கென்று குடித்தது. வயசாகிவிட்டது போலிருக்கிறது, நமக்கு மட்டும் என்ன, என்று விட்டிருந்தேன். அன்றைக்கு அந்த நடுக்கத்தைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. தெய்வமாகப் பார்த்துக் கொடுத்த நடுக்கம்!

"பாத்தியா? இந்த ஒடம்போட இதும்மேல மூட்டைய ஏத்தலாமா? மனசாட்சி வேணாமா? நான் மட்டும் தனியா மெக்கானிக்கிட்ட காட்டிட்டு வரேன்."

மனோரமா மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். அன்று நான் உண்மையாகவே மெக்கானிக்கிடம்தான், திருப்பதிக்குப் போனேன். இதை நீங்கள் தயவுசெய்து குறித்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் இந்தக் கதையில் நான் தனியாகக் கிளம்பி, சொன்ன இடத்துக்கே போனது அந்த ஒரு தடவைதான்.

திருமலை அடிவாரத்து அலிபிரிக்குப் போகிற ரோட்டில் கோபிகிருஷ்ணன் ஒர்க்‌ஷாப். குவைத்தில் பெரிய பெரிய வண்டிகளைப் பிரித்துப் போட்டுவிட்டு ஊர் திரும்பியவன். பாதித் தமிழும் பாதித் தெலுங்கும் பேசுவான். குவைத்தைப் பற்றி முழுசாகப் பேசுவான். வண்டியை ஸ்டார்ட் செய்து, கண்ணை மூடி, கச்சேரி கேட்பதுபோல் கேட்டான்.

"வால்வுல கரி, சார்."

"கரியா?"

"பழைய வண்டியில பெட்ரோலு வால்வு மேல விழுந்து உள்ள போவும். ரோஜூ ஸ்நானம், தெனம் குளியல். இது டைரக்ட் இன்ஜெக்ஷன். பெட்ரோலு நேரா சிலிண்டருக்குள்ள போயிடும். காத்து வர்ற வால்வுக்கு ஸ்நானம் லேது. இன்ஜின் ஆயில் ஆவி இருக்கு காதா, அது மேல வந்து ஒட்டும். சூட்டுல வேகும். கரியாவும். காத்து உள்ள போவ எடம் இருக்காது. அந்தே, அவ்ளோதான்."

எனக்குப் பாவமாக இருந்தது. பிறந்தது முதல் குளிக்காத வால்வு! வால்வு அடைத்துப்போனால் வாழ்வு என்ன ஆவது?

"இதுக்கு இன்னா பண்றது?"

"முத்திடுச்சின்னா பிரிச்சி சுத்தம் பண்ணணும். இப்பத்திக்கி கிட்டத்துல கிட்டத்துல போறத கம்மி பண்ணுங்க. நின்ன எடத்துல இன்ஜினை ஓட வுடாதீங்க. வாரத்துக்கு ஒருதரம் ஹைவேல நீட்டா ஓட்டுங்க. ஆனா சார், அப்டி ஓட்டினாலும்..."

அவன் இன்னும் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தான். குவைத்தில் ஒரு ஷேக்கின் வண்டி என்று ஆரம்பித்தது காதில் விழுந்தது. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. வாரத்துக்கு ஒருதரம். ஹைவேயில். நீட்டாக. அதற்கு மேல் கேட்பவன் முட்டாள்.

சாயங்காலம் மனோரமா பஸ்ஸில் கசங்கி வந்து சேர்ந்தாள். வார்டனுக்குச் சேலை பிடித்துவிட்டதாம். முழு ஆர்டரும் கொடுத்துவிட்டாளாம். இனி நெய்து வர வர, வாராவாரம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அவள் தண்ணீர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு என் சொற்பொழிவைத் தொடங்கினேன்.

"மனோரமா, நம்ம வண்டி சாதாரண வண்டியில்ல. டைரக்ட் இன்ஜெக்ஷன்."

"ஐயையோ. யார் போட்டது? இடுப்புலயா, கையிலயா?"

"அந்த இன்ஜெக்ஷன் இல்லம்மா. உள்ள வால்வுல கரி புடிச்சிருக்குது."

"கறியா? கார்லயா?"

"கரி! அடுப்புக்கரி!"

"தெளிவா சொல்லுங்க. ஞாயித்துக்கெழம ஆனா உங்க வாயில எந்தக் 'கரி'ன்னே புரியல."

எனக்குக் கொஞ்சம் வியர்த்தது. தொடர்ந்தேன். வண்டியை வாராவாரம் ஹைவேயில் நீளமாக ஓட்டினால்தான் கரி மேலே பிடிக்காது. சித்தூரிலிருந்து அலிபிரி, அலிபிரியிலிருந்து சித்தூர். நடுவில் நிறுத்தக் கூடாது. பாரம் ஏற்றக் கூடாது. புதிதாக ஓட்டக் கற்றுக்கொள்பவர்கள் ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது. இதில் கடைசி மூன்றும் கோபிகிருஷ்ணன் சொன்னதல்ல. அறிவியலில் கொஞ்சம் சொந்த ஆராய்ச்சியும் கலந்தால்தான் வளரும்.

"பாரம்னா? நான் ஒருத்தி உக்காந்தாக்கூடவா?"

"நீ பாரம்னு நான் சொல்லல. இன்ஜின் சொல்லுது."

"அலிபிரி வரைக்கும் போவீங்க, ஆனா எறங்கிக் கும்பிட மாட்டீங்க?"

"வண்டியிலேர்ந்தே ஒரு கும்புடு."

"கடவுளே, இந்த வயசுல எம்மாங் கஷ்டம் உங்களுக்கு" என்றாள் மனோரமா. "எவ்ளோ நாளைக்கு இப்டி தனியா போயிட்டு வரணும்?"

"வண்டி இருக்கிற வரைக்கும்" என்றேன், தியாகி குரலில்.

அவள் ஒரு வார்த்தை எதிர்க்கவில்லை. அங்கேயே நான் பயந்திருக்க வேண்டும். இத்தனை வருஷக் கல்யாணத்தில், உப்பு ஒரு கல் கூடவா குறையவா என்பதற்கே வாதாடுகிறவள், காரை முழுசாக எழுதிக்கொடுத்ததுபோல் தலையாட்டினாள். நானோ ஜெயித்த மயக்கத்தில் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகள் பொன்னாகக் கழிந்தன. காலையில் மனோரமா பஸ் ஸ்டாண்டுக்கு மூட்டையோடு கிளம்புவாள். நான் 'ஹைவே'க்குக் கிளம்புவேன். புத்தலப்பட்டு வந்ததும் வண்டி தானாகத் தோப்புக்குத் திரும்பும்.

"பாவா, வா வா! கோழி உன்னையத்தான் கேட்டுக்கினு இருந்துச்சி" என்பான் கங்கையா.

சாப்பாடு. சீட்டு. அப்புறம் தூக்கம். சித்தூர் வெயிலில் மரத்தடியில் படுத்தால் முதுகு வெந்துவிடும். அதனால் காரை ஒரு மாமரத்து நிழலில் நிறுத்தி, சீட்டைச் சாய்த்து, இன்ஜினை ஓடவிட்டு, ஏசியைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவேன். நின்ன இடத்தில் ஓட விடாதே என்று கோபிகிருஷ்ணன் சொன்னது நினைவுக்கு வராமல் இல்லை. வந்தது. ஆனால் அந்த நேரத்தில் கூடவே தூக்கமும் வந்தது. எது முதலில் வந்தது என்று பார்ப்பதற்குள் குறட்டை வந்துவிட்டது.

வீடு திரும்பினால் மனோரமா அன்பாக விசாரிப்பாள்.

"அலிபிரியில கூட்டமா?"

"செம கூட்டம். கால் வெக்க எடமில்ல."

"நீங்கதான் எறங்கவே மாட்டீங்களே?"

"டயர் வெக்க எடமில்லன்னு சொன்னேன்."

இன்னொரு வாரம்.

"சட்டையில இன்னாங்க மஞ்சளா?"

"பிரசாதம். புளியோதரை."

"நிக்காம போற வண்டிக்கு எப்டிக் குடுத்தாங்க?"

"ஜன்னல் வழியா. ஓடி வந்து குடுத்தாங்க. பக்திமான்கள்."

"பாவம். புளியோதரையில பூண்டு வாசன வருது பாருங்க. ஓடி வந்த அவசரத்துல போட்டுட்டாங்க போல."

சட்டையைக் கழற்றி நானே துவைத்துப் போட்டேன். சட்டை துவைத்த ஒரே குற்றத்துக்காகவே எந்த மனைவியும் கணவனைச் சந்தேகப்பட்டிருப்பாள். இவளோ "நல்லா அலசுங்க" என்றதோடு சரி.

இப்படிக் கரி போக்கும் கைங்கரியம் நடந்துகொண்டிருக்க, வண்டியின் நடுக்கம் மட்டும் குறையவில்லை. நாளுக்கு நாள் கூடியது. ஏற்றத்தில் சைக்கிள்காரன் எங்களைத் தாண்டிப்போய்த் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சாவியைத் திருப்பினால், டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. வண்டி நாலு உதறு உதறிவிட்டு அணைந்தது. மறுபடி திருப்பினேன். மறுபடி உதறியது. தெருவே எட்டிப் பார்த்தது.

மனோரமா மூட்டையோடு வாசலில் நின்றிருந்தாள். ஹாஸ்டலுக்குக் கடைசித் தவணைச் சேலைகள். அன்றைக்குக் கொடுத்தே ஆக வேண்டும்; மறுநாள் அங்கே ஏதோ விழா, எல்லோரும் புதுச் சேலை கட்ட வேண்டுமாம்.

"இன்னாங்க இது? வாராவாரம் அலிபிரி போயுமா கரி புடிக்குது?"

"அதான் எனக்கும் ஆச்சரியமா கீது."

"அந்த மெக்கானிக்கிட்டயே கேட்டுடலாம். நானும் வரேன். போற வழியில சீலையக் குடுத்துட்டுப் போலாம்."

"பாரம்..."

"உருட்டிக்கினு போற வண்டிக்குப் பாரம் இன்னாங்க?"

எப்படியோ உதறிக்கொண்டே திருப்பதி போய்ச் சேர்ந்தோம். புத்தலப்பட்டு தாண்டும்போது வண்டி பழக்கதோஷத்தில் தோப்புப் பக்கம் இழுத்ததுபோல் எனக்குத் தோன்றியது. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தேன். ஹாஸ்டல் வாசலில் வார்டனம்மா சேலைகளைப் பிரித்துப் பார்த்து, மனோரமாவின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஊரில் இன்னும் இரண்டு ஹாஸ்டல்களில் சொல்லியிருப்பதாகச் சொன்னாள். என்னைப் பார்த்து, "டிரைவர், அந்த மூட்டைய கொஞ்சம் உள்ள வெச்சிடுப்பா" என்றாள். வைத்தேன். மனோரமா திருத்தவில்லை.

ஒர்க்‌ஷாப்பில் கோபிகிருஷ்ணன் இன்ஜின் மேலிருந்த குழாய்களைக் கழற்றினான். நுனியில் விளக்கு வைத்த ஒரு மெல்லிய கேமரா வயரை உள்ளே விட்டான். சின்னத் திரையில் படம் வந்தது.

"சூடண்டி, மேடம்."

பார்த்தோம். பளபளவென்று இருக்க வேண்டிய வால்வு, அடிபிடித்த பால் சட்டி மாதிரி இருந்தது. கரு கருவென்று, கட்டி கட்டியாக. வால்வு எது, கரி எது என்றே தெரியவில்லை. பாய்லரில் கரி சுரண்டிப் பழகிய எனக்கே குமட்டியது.

"நான் டீ சொல்லிட்டு வரேன்" என்று நழுவினேன். அந்தக் கரியின் முன்னால் நிற்க எனக்கு என்னவோ போலிருந்தது. டீக்கடையிலிருந்து திரும்பிப் பார்த்தேன். மனோரமாவும் கோபிகிருஷ்ணனும் தலையை ஆட்டி ஆட்டித் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் கையை விரித்து நீளம் காட்டினான். இவள் இன்னும் கொஞ்சம் விரித்துக் காட்டினாள். டீயை இன்னும் கொஞ்சம் ஆற்றிக் கொடுக்கச் சொன்னேன்.

டீயோடு வந்தேன். கோபிகிருஷ்ணன் ஏதோ மெஷினை எடுத்து வர உள்ளே போயிருந்தான். மனோரமா டீயை வாங்கி ஊதினாள். ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய் குடித்தாள்.

"இன்னா சொன்னான்?" என்றேன்.

"குவைத்துல இதுக்குன்னே படிச்சிருக்கானாம். கரியப் பாத்தாலே வண்டி எங்கெங்க போச்சின்னு சொல்லிடுவானாம்."

"கரியப் பாத்தா?"

"ம். ஹைவேல ஓடின கரி மொறு மொறுன்னு இருக்குமாம். நெழல்ல நின்ன கரி பிசு பிசுன்னு இருக்குமாம். இது பிசு பிசு."

"அப்டியா?"

"அடுக்கு அடுக்கா இருக்குதாம். ஒவ்வொரு அடுக்கும் ஒரு ஞாயித்துக்கெழமயாம்." டீயை இன்னொரு வாய் குடித்தாள். "அதுவும் மரத்து நெழலாம்."

"இன்னா மரம்னும் சொன்னானா?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்தேன்.

"நீங்களே சொல்லுங்க" என்றாள் மனோரமா. புருவத்தை லேசாகத் தூக்கினாள்.

எத்தனையோ வருஷம் கரியோடு குடித்தனம் நடத்தியவன் நான். எந்த பாய்லர் கரியும் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் பயந்துபோனவனுக்குக் குவைத் டெக்னாலஜி எதையும் செய்யும் என்றுதான் தோன்றும்.

"மாமரம்" என்றேன்.

"யாரு தோப்பு?"

"கங்கையா."

"அப்பால?"

கொட்டினேன். கோழி முதல் குறட்டை வரை எல்லாம் கொட்டினேன். அலிபிரி பக்கம் வண்டி தலைவைத்துப் படுக்கவில்லை என்றேன். ஏசியைப் போட்டுக்கொண்டு படுத்தது நான்தான் என்றேன். அவள் மூட்டையோடு கண்டக்டரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் நான் கோழிக் காலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததைச் சொல்லும்போது மட்டும் எனக்கே குரல் இறங்கிவிட்டது. அது நடிப்பில்லை. அந்த மூட்டையை அன்றைக்குத்தான் முதல் தடவையாக நான் தூக்கியிருந்தேன். நல்ல கனம்.

மனோரமா கடைசி வாய் டீயையும் குடித்தாள். டீக் கிளாஸைக் கீழே வைத்தாள்.

"கரிய எடுக்கப் போறேன்னு சொல்லிட்டு, கறிய துன்னுட்டு வந்திருக்கீங்க."

"தப்புதான்."

"புள்ள ஆசையா வுட்டுட்டுப் போன வண்டி. அதும் வால்வ இப்டிக் கெடுத்து வெச்சிருக்கீங்க."

"தப்புதான். மொத்தமும் என் தப்புதான். என்னால ஆன கரிதான் அவ்ளோவும். மன்னிச்சிடு."

"இனிமே ஞாயித்துக்கெழம கார் யாருக்கு?"

"உனக்கு."

"மத்த நாள்ல?"

"உனக்கு. நான்தான் வேன்ல போறேனே."

"கங்கையாண்ணன் கோழி?"

யோசித்தேன். இது கடினமான கேள்வி.

"பஸ்ல போய் துன்னுட்டு வந்துக்கறேன்" என்றேன்.

சிரித்துவிட்டாள். எனக்கு உயிர் வந்தது. அந்தச் சந்தோஷத்தில் நானே பெருந்தன்மையாக ஒரு வார்த்தை சேர்த்தேன்: "ஒனக்கு ஓட்டவும் நானே கத்துக் குடுக்கறேன். பொறுமையா. தெனம் கொஞ்சம் கொஞ்சமா."

"சரிங்க" என்றாள். சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

கோபிகிருஷ்ணன் ஒரு பீப்பாய் மாதிரி மெஷினை உருட்டிக்கொண்டு வந்தான். அக்ரூட் ஓட்டை அரைத்த தூளாம். காற்றோடு சேர்த்து வால்வின்மேல் பீய்ச்சி அடித்தால் கரி உதிர்ந்துவிடும், வால்வுக்குக் கீறல் விழாது என்றான்.

"அக்ரூட்டா?" என்றாள் மனோரமா. "எங்க வீட்ல மனுசங்களே அதப் பாத்ததில்ல. முந்திரி, திராட்சையும் போடுவீங்களா?"

"மாங்கொட்டை ஓட்டுத் தூள் ஆவாதா?" என்று நான் தொழில்முறையில் கேட்டேன். ஃபேக்டரியில் மலைபோல் கிடக்கிறது. கோபிகிருஷ்ணன் என்னைப் பார்த்த பார்வையில், குவைத்தில் இப்படி யாரும் கேட்டதில்லை என்று தெரிந்தது.

மெஷின் சீறியது. குழாயில் உறிஞ்சிய தூள் கறுத்துக் கறுத்து வந்தது. மனோரமா கைகழுவப் பின்பக்கம் போனாள். நான் மெல்ல கோபிகிருஷ்ணனிடம் நெருங்கினேன். ஒரு தொழில்காரன் இன்னொரு தொழில்காரனிடம் கேட்பதுபோல் கேட்டேன்.

"ஏம்ப்பா, கரியப் பாத்து வண்டி எந்த மரத்தடியில நின்னுச்சின்னு எப்டிக் கண்டுபுடிக்கிற?"

அவன் மெஷினை நிறுத்திவிட்டான்.

"சார்?"

"அடுக்கு அடுக்கா... பிசு பிசுன்னு..."

"கரி இன்னா ஜாதகமா சார், பாத்துச் சொல்றதுக்கு? அன்னிக்கே சொல்ல வந்தேன், நீங்க பாதியில போயிட்டீங்க. எப்டி ஓட்டினாலும் இந்த மாதிரி இன்ஜினுக்குக் கரி வரத்தான் வரும். காசிக்குப் போயிட்டு வந்தாலும் வரும். கொஞ்சம் லேட்டா வரும். அந்தே."

"அப்போ என் வீட்டுக்காரம்மாகிட்ட கைய விரிச்சி விரிச்சிப் பேசினியே?"

"அதா? சீலைக்கு பார்டர் எவ்ளோ அகலம்னு கேட்டேன். மேடம் காட்டினாங்க. எங்க வீட்டம்மாவுக்கு ரெண்டு சொல்லியிருக்கேன்."

நான் அப்படியே ஒரு பழைய டயரின்மேல் உட்கார்ந்துவிட்டேன். கரி ஒன்றும் சொல்லவில்லை. மெக்கானிக் ஒன்றும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் சொன்னவன் நான் ஒருவன்தான்.

வேலை முடிந்தது. கேமராவில் காட்டினான். வால்வு புது வெள்ளித் தட்டு மாதிரி மின்னியது. மனோரமாவிடம் சாவியை வாங்கி இன்ஜினை ஸ்டார்ட் செய்தான். ஓடுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அப்படி ஒரு அமைதி. எனக்குக்கூட கண் கலங்கியது. ஏமாந்தது ஏமாந்ததுதான், பையன் வண்டி பிழைத்ததே என்று மனசைத் தேற்றிக்கொண்டு டிரைவர் சீட்டுப் பக்கம் போனேன்.

அங்கே மனோரமா உட்கார்ந்திருந்தாள்.

"எறங்கும்மா. இது திருப்பதி ரோடு. கத்துக்கறத ஊர்ல போய் ஆரம்பிக்கலாம்."

அவள் குனியாமலே கையை விட்டு, சீட்டுக்கு அடியில் இருக்கும் பிடியை இழுத்து, சீட்டை முன்னால் நகர்த்தினாள். அந்தப் பிடி எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்கே ஒரு வாரம் ஆனது. கண்ணாடியைத் திருப்பினாள். பெல்ட்டை மாட்டினாள். ஒரு பக்கம் லாரி, ஒரு பக்கம் தள்ளுவண்டி. நடுவில் ரிவர்ஸ் எடுத்து, ஒரே வளைப்பில் ரோட்டுக்கு ஏற்றி நிறுத்தினாள். கோபிகிருஷ்ணன் கைதட்டினான். நான் ஓடிப்போய்ப் பக்கத்து சீட்டில் ஏறினேன்.

ரேணிகுண்டா பக்கமிருந்து வந்த பஸ்ஸுக்கு வழி விட்டு, கியர் மாற்றி, சித்தூர் ரோட்டைப் பிடித்தாள். பிறகு கேட்டேன்.

"எப்போ கத்துக்கினே?"

"டிரைவிங் ஸ்கூல்ல. நீங்க ஃபேக்டரிக்குப் போனப்பால. லைசென்ஸ்கூட வந்துடுச்சி. ஃபோட்டோதான் நல்லால்ல."

"நம்ம வண்டியோட பிடிகூட ஒனக்கு அத்துப்படியா கீதே, சாவி என்கிட்டல்ல இருந்துது?"

"ஒண்ணு உங்ககிட்ட இருந்துது. இன்னொண்ண உதயா ஊருக்குப் போறப்போ எங்கிட்ட குடுத்துட்டுப் போனான். 'அம்மா, நைனா குடுக்காது, நீயே வெச்சிக்க'ன்னான்."

"ஸ்கூல்ல அவங்க வண்டி இருக்குமே. நம்ம வண்டிய எதுக்கு எடுத்தே?"

"பழகணும் இல்லீங்களா. தெனம் காலையில உங்க வேன் தெருவத் தாண்டினதும் எடுப்பேன். தெருக்கோடிலேர்ந்து மைதானம். மைதானத்துல சுத்திச் சுத்தி. பயமா, அதனால ஒண்ணாங் கியர்தான். நடுவுல கை நடுங்கினா நிறுத்திட்டு, இன்ஜின அணைக்காமலே உக்காந்துக்கினு இருப்பேன். அணைச்சா மறுபடி ஸ்டார்ட் பண்ண வருமோ வராதோன்னு."

வண்டி வழுக்கிக்கொண்டு போனது. நான் மெதுவாகக் கணக்குப் போட்டேன். எனக்கு வாரத்தில் ஒரு நாள். அவளுக்கு வாரத்தில் மற்ற எல்லா நாளும். கிட்டத்திலேயே ஓட்டம். ஒண்ணாங் கியர். நின்ற இடத்தில் ஓடும் இன்ஜின்.

"மனோரமா" என்றேன். "அப்டின்னா, இன்னிக்கி அவன் சுரண்டி எடுத்தானே, அந்தக் கரி..."

அவள் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"முக்கால்வாசி என்னுதுங்க. நீங்கதான் பெரிய மனசு பண்ணி மொத்தத்துக்கும் மன்னிப்பு கேட்டுட்டீங்க."